தோட்டத்தைப் பார்க்காத வாத்தியார்

பாபிலோனியாவில் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு. ரவ் என்ற பேரறிஞர் நடந்து போகிறார். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் ஷ்முவேல் பார் ஷிலத் தன் தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறார். ரவுக்குத் திக்கென்றது. பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டீரா என்கிற தோரணையில் கேட்கிறார். வாத்தியார் சொன்ன பதிலின் சாரம்: இந்தத் தோட்டத்தைப் பார்த்து 13 வருஷம் ஆகிறது, இப்போதும் நினைப்பெல்லாம் அவர்கள் மேல்தான்.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் இதைப் பாராட்டாகத்தான் பதிவு செய்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் நட்சத்திரங்களுக்கு ஒப்பானவர்கள் என்று சொல்லுமிடத்தில், அப்படி யார் இருக்கிறார் என்ற கேள்விக்கு இவரைத்தான் காட்டுகிறது. எனக்கோ அந்தத் தோட்டத்தின் மேல்தான் கண். 13 வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத தோட்டம் என்ன கதியில் இருந்திருக்கும்?

யூதப் பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை எபிரேய வகுப்பு எடுப்பவர், 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹில்லெல் மாணவர் அமைப்பின் வளாக ஊழியர், ஜெபக்கூடத்து ரபி (மதகுரு), சமூகச் சங்கத் தலைவர். இதில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் சிக்கல் ஒன்றுதான். வேலை நல்ல வேலை, அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. ஆனால் அளவு போடுவதில் யூத மரபு கெட்டிக்கார மரபு. ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளை, உண்டியலுக்கு எத்தனை கை, துக்கத்துக்கு எத்தனை நாள் என்று எல்லாவற்றுக்கும் எண் வைத்திருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர் அந்த எண்களை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

அமெரிக்காவில் ரபியை வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் அந்த ஜெபக்கூடத்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு. சனிக்கிழமை பிரசங்கத்தில் நீங்கள் யாருக்கு உறைக்கும்படி பேசினீர்களோ, அவரே செவ்வாய்க்கிழமை உங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச உட்காரலாம். ஆகவே எல்லாம் எழுத்தில் வேண்டும். மற்றவர்களுக்கு ஓய்வுநாளான சபாத் உங்களுக்கு வேலை நாள், அப்படியானால் உங்கள் ஓய்வு எந்தக் கிழமை? அந்த நாளில் சாவு விழுந்தால் யார் போவது? மனைவியோ கணவரோ சம்பளமில்லாமல் சமையலறையிலும் பாலர் வகுப்பிலும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களா? இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கபாத் என்ற யூத இயக்கத்தின் தூதர்களாகப் போகிறவர்கள் நான்காவதாக ஒன்றும் கேட்க வேண்டும். அங்கே தம்பதியாகத்தான் அனுப்புவார்கள், அநேகமாக ஆயுசு முழுக்க ஒரே ஊர், பணமும் பெரும்பாலும் நீங்களே திரட்ட வேண்டும். முதல் சில வருஷத்துக்குக் கை கொடுப்பது யார், அதன் பிறகு யார்?

25 பேர்

எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தலைமைக் குருவாக இருந்தவர் யெகோசுவா பென் கம்லா. அதுவரை அப்பா இருந்த பிள்ளை படித்தது, அப்பா இல்லாத பிள்ளை படிக்கவில்லை. இவர் ஊருக்கு ஊர் வாத்தியார் வைத்து, 6, 7 வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார் என்று தல்மூத் நன்றியோடு சொல்கிறது. பிறகு ரவா என்ற அறிஞர் கணக்குப் போட்டார். ஒரு வாத்தியாருக்கு 25 பிள்ளை. 40 ஆனால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டு வாத்தியார். 12-ஆம் நூற்றாண்டில் சட்ட அறிஞரும் வைத்தியருமான மைமோனிடஸ் கிட்டத்தட்ட இதையே சட்டமாக எழுதிவைத்தார்.

அறுபது பேர் ஒரே பெஞ்சு வரிசையில் நெருக்கியடித்த வகுப்பில் படித்தவன் நான். இந்த எண்ணை முதன்முறை கேட்டபோது பொறாமையாக இருந்தது. நிர்வாகக் குழுவிடம் பேசும்போது எனக்குப் பாரமாக இருக்கிறது, முடியவில்லை என்று மூக்கைச் சிந்தாதீர்கள். ஹலாக்கா, அதாவது யூதச் சட்டம், இந்த எண்ணைச் சொல்கிறது என்று சொல்லுங்கள். அந்த அறையில் அதற்கு வேறு மரியாதை.

தோட்டத்து வாத்தியாருக்கு ரவ் இன்னொரு யோசனையும் சொல்லியிருக்கிறார். அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் செருப்பு வாரால் மட்டும் அடி. படிக்கிறவன் படிக்கட்டும், படிக்காதவன் மற்றவனுக்குத் துணையாக உட்காரட்டும். முதல் பாதி இன்று கம்பி எண்ண வைக்கும் யோசனை. இரண்டாம் பாதி பொன். மந்தமான பிள்ளையை வகுப்புக்கு வெளியே தள்ளாதே என்கிறது அது.

ரபி பெரேதா என்பவர் ஒரு மாணவனுக்கு ஒவ்வொரு பாடத்தையும் 400 தடவை சொல்வாராம். ஒரு நாள் அவரை ஒரு நற்காரியத்துக்குக் கூப்பிட ஆள் வந்திருந்தது. அன்று 400 தடவை சொல்லியும் பையனுக்கு ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், ஆள் வந்தது முதல் நீங்கள் இப்போது எழுந்துவிடுவீர்கள், இதோ எழுந்துவிடுவீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறான். ரபி உட்கார்ந்து இன்னொரு 400 தடவை சொல்லிக்கொடுத்தார். 400-ஐ நாம் நகலெடுக்க முடியாது. ஆனால் பையன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: வாத்தியாரின் கால் வாசலைப் பார்த்தால் மாணவனின் மனசு அதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது. மேசை மேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கதையைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வாத்தியார், பெயர் தெரியாதவர். மழையில்லாத ஊரில் அவர் ஜெபிக்க நின்றதும் காற்று அடித்து மழை கொட்டியது. அப்படி என்ன புண்ணியம் செய்தாய் என்று கேட்டபோது சொன்னார்: ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் ஒரே பாடம், கொடுக்க முடியாதவரிடம் காசு வாங்குவதில்லை, வீட்டில் ஒரு மீன் குளம் இருக்கிறது, படிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு மீன் கொடுத்துச் சமாதானப்படுத்துவேன். நம் வீட்டுக் கடலை மிட்டாய் உத்திதான். மத்திய கால ஜெர்மனியில், முதல் நாள் பாடத்துக்கு வந்த பிள்ளை எழுத்துகளின் மேல் தடவிய தேனை நக்கித்தான் அகரம் கற்றது. ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர்கள் கால்பந்து ஆடப் போயிருக்க, எபிரேயம் படிக்க வந்திருக்கும் எட்டு வயதுக்காரருக்குத் தின்ன ஏதாவது வையுங்கள்.

சுருளின் முன் ஒரு சிறுவன்

உங்கள் கைவரிசையை ஊர் எடைபோடுவது பார் மிட்ஸ்வாவில். 13 வயதுப் பையன் சபை நடுவே நின்று தோராச் சுருளிலிருந்து ராகத்தோடு வாசிக்க வேண்டும். சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும். உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, ராகக்குறியும் இல்லை. புள்ளியில்லாத பழைய ஓலைச்சுவடியைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். தோலின் மேல் விரல் படக் கூடாது, நுனியில் சின்னக் கை வடித்த வெள்ளிக் கோலால் வரி தொட்டுப் போக வேண்டும்.

பயிற்சிக்கு திக்குன் என்றொரு புத்தகம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தி. ஒன்றில் எல்லாக் குறிகளோடும் வாசகம், மற்றதில் அதே வாசகம் சுருளில் இருப்பது போல மொட்டையாக. குறியுள்ள பத்தியில் படித்து, மொட்டைப் பத்திக்குக் கண்ணை மாற்றி, தடுக்கினால் திரும்பி வர வேண்டும். நேரமில்லாத ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தாங்களே பாடிப் பதிவு செய்து பையன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் கிளிப்பிள்ளை போல உருப்போட்டு அன்றைக்கு ஜமாய்த்துவிடுவான். அடுத்த திங்கட்கிழமை கேட்டால் ஒன்றும் இருக்காது. ராகக்குறிகளைக் கற்றவன் ஆயுசுக்கும் எந்தப் பகுதியையும் எடுத்து வாசிப்பான். முதல் இரண்டு மாதம் மெதுவாகப் போகும், பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொரு தொழில் நுணுக்கம். வாசிப்பவரின் இரு பக்கமும் கபாய் எனப்படும் உதவியாளர்கள் நிற்பார்கள். பொருள் மாறும்படி பிழை வந்தால் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு மாமா இருப்பார், எந்த ஊரிலும் இருப்பார், கபாய் வாய் திறக்குமுன் அவர் உரக்கத் திருத்துவார். பையனுக்குக் காது சிவந்துவிடும். முந்தின நாளே மாமாவைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள். திருத்தம் கபாயின் வாயிலிருந்து மட்டும், அதுவும் பையனுக்குக் கேட்கிற அளவில்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த மேடை கிடைத்தது பிந்தித்தான். 1922 மார்ச்சில் நியூயார்க்கில் ஜூடித் கப்லானுக்கு அவருடைய தந்தை, ரபி மொர்தெகாய் கப்லான், பாத் மிட்ஸ்வா நடத்தினார். அமெரிக்காவில் அதுவே முதலாவது என்பார்கள். சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சுப் புத்தகத்திலிருந்துதான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1917-இல், போலந்தின் கிராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண் 25 சிறுமிகளோடு பெய்த் யாகோவ் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மறுபடியும் 25.

விழா முடிந்ததும் பிள்ளை மாயமாகிவிடும். எல்லா ஊரிலும் இதுதான் புலம்பல். ஒரே மருந்து, மறுவாரமே ஒரு வேலை கொடுப்பது. கேக் வெட்டிய கை காயுமுன், பத்து வயதுப் பொடியன் ஒருவனுக்கு ராகக்குறி சொல்லித்தர உட்கார வையுங்கள்.

துக்க வீடு

பாடசாலையில் யாரும் சரியாகச் சொல்லித்தராத வேலை இது. அடக்கம் முடிந்த பின் ஏழு நாள் ஷிவா. வீட்டார் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள், பல வீடுகளில் கண்ணாடியை மூடியிருப்பார்கள். போகிறவர் முதலில் பேசக் கூடாது, துக்கத்தில் இருப்பவர் வாய் திறந்த பிறகே பேசலாம் என்பது சட்டம். புதிய ரபிகள் சறுக்குவது இங்கேதான். இறைவன் சித்தம், நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாயை மூடி உட்காருங்கள். பத்து நிமிடம் மௌனமாகப் போனால் அது தோல்வியில்லை.

உங்கள் உண்மையான வேலை வேறு. இறந்தவர் நினைவாகச் சொல்லும் கத்திஷ் ஜெபத்துக்குப் பத்து பேர் வேண்டும். முதல் நாள் கூடம் நிறையும், நான்காம் நாள் ஏழு பேர் இருப்பார்கள், ஒருவர் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாள்வாரியாகப் பெயர்ப் பட்டியலை அடக்கத்தன்றே போட்டுவிடுங்கள். யார் சாப்பாடு கொண்டுவருகிறார்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் ஆறு பாத்திரம் வந்து நிற்கும்.

காசும் நாக்கும்

தர்மப் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து பங்கிட வேண்டும் என்பது தல்மூத் சட்டம். வசூலுக்குப் போனவர் வழியில் காசு கண்டெடுத்தால் தன் பையில் போடக் கூடாது, உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சில்லறையை மாற்ற வேண்டியிருந்தாலும் தன் காசோடு மாற்றக் கூடாது, அடுத்தவரிடம்தான் மாற்ற வேண்டும். அவர் திருடன் என்பதற்காக அல்ல, பார்க்கிறவன் கண்ணில் சந்தேகம் விழக் கூடாது என்பதற்காக. பல ஜெபக்கூடங்களில் ஏழைகளுக்குக் கொடுக்க ரபியின் பொறுப்பில் ஒரு நிதி இருக்கும். முதல் நாளே இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் கேளுங்கள். நம்பிக்கையில்லையா என்று யாராவது உருகினால் மேலே சொன்ன உண்டியல் கதையைச் சொல்லுங்கள்.

நாக்குக்கு ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது. லித்துவேனியப் பகுதியைச் சேர்ந்த ரபி இஸ்ரவேல் மெயிர் ககன் 1873-இல் புறம்பேசுதலின் சட்டங்களை 'ஹஃபெத்ஸ் ஹயிம்' என்ற நூலாகத் தொகுத்தார். புத்தகத்தின் பெயரே அவர் பெயராகிவிட்டது. ஆசிரியர் அறைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, உண்மையாகவே இருந்தாலும் புறம் புறம்தான் என்பது. அதே சமயம் ஒருவருக்கு வரப்போகும் தீங்கைத் தடுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பிள்ளையிடம் ஒருவர் தவறாக நடப்பது தெரிந்தும் புறம்பேசக் கூடாது என்று மூடிமறைப்பவர் அந்தப் புத்தகத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

அந்நியருக்குத் தேநீர்

2022 ஜனவரி 15, சனிக்கிழமை காலை. டெக்சஸ் மாநிலம் காலிவில் ஊரின் ஜெபக்கூடத்துக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். ரபி சார்லி சைட்ரன்-வாக்கர் உள்ளே அழைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஜெபத்தின் நடுவே அந்த ஆள் துப்பாக்கியை எடுத்தார். நான்கு பேர் பிணைக்கைதிகள். ஒருவர் மாலையில் விடுவிக்கப்பட்டார். ஏறத்தாழ 11 மணி நேரத்துக்குப் பின் ரபி ஒரு நாற்காலியைத் தூக்கி அந்த ஆள் மேல் எறிந்தார், மிச்சமிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். முன்பு எடுத்திருந்த பாதுகாப்புப் பயிற்சிதான் உயிரைக் காத்தது என்று அவரே பின்னர் சொன்னார்.

2008-இல் மும்பையின் யூத மையமான நரிமன் இல்லத்தில் நடந்த தாக்குதலையும் 2018-இல் பிட்ஸ்பர்க் ஜெபக்கூடத்தில் 11 பேர் சுடப்பட்டு இறந்ததையும் அறிந்தவர்கள் பயிற்சி எதற்கு என்று கேட்க மாட்டார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பாலர் வகுப்பிலிருந்து வெளியேற எத்தனை விநாடி என்பதைப் பண்டிகை நெரிசலுக்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள். தேநீரை நிறுத்த வேண்டாம்.

உங்கள் சொந்தத் தோட்டம்

மோசே விடிந்தது முதல் அந்திவரை ஒண்டியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று எச்சரித்து, ஆயிரத்துக்கு, நூற்றுக்கு, ஐம்பதுக்கு, பத்துக்கு என்று ஆள் வைக்கச் சொன்ன கதை யாத்திராகமத்தில் இருக்கிறது. யோசனை சொன்னவர் வெளியாள், அதுவும் மாமனார். மோசே கேட்டுக்கொண்டார். அதுதான் ஆச்சரியம்.

மைமோனிடஸ் இதை நன்றாகவே அறிந்தவர், ஆனாலும் கேட்கவில்லை. 1199-இல், தன் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் இப்ன் திப்போன் வந்து பார்க்க ஆசைப்பட்டபோது எழுதிய கடிதத்தில் தன் நாளை விவரிக்கிறார். காலையில் அரண்மனை வைத்தியம். மதியத்துக்கு மேல் பசியோடு வீடு வந்தால் கூடம் நிறைய நோயாளிகள். கை கழுவிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களைக் கெஞ்சி ஒரு வாய் சாப்பாடு, ஒரு நாளைக்கு அது ஒன்றுதான். இருட்டும்வரை வைத்தியம், களைப்பில் படுத்தபடியே பேச்சு. சபாத்தன்று ஊரே வந்துவிடும். நீ வந்தாலும் ஒரு மணி நேரம்கூட உன்னோடு தனியாக இருக்க முடியாது என்று முடிக்கிறார். மகா மேதையின் கடிதம் என்று இதைப் போற்றுவார்கள். எனக்கு இது எச்சரிக்கைப் பலகையாகத்தான் தெரிகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது? நாளில் ஒரு நேரத்தைச் சொந்தப் படிப்புக்கு நிறுத்துங்கள். வகுப்புக்குத் தயாரிப்பது இதில் சேராது. தனியாக உட்கார்ந்தால் தூக்கம் வரும், அதனால்தான் ஹவ்ரூதா என்று ஜோடி சேர்ந்து வாதாடிப் படிக்கும் வழக்கம். உங்கள் ஊழியரல்லாத, உங்களைப் பார்த்து அது தப்பு என்று சொல்லக்கூடிய ஒருவரை ஜோடியாகப் பிடியுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை வேறு ஊர் ஜெபக்கூடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாமல் ஜெபிக்க முடிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

இரவில் கணக்குப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மெண்டல் லெஃபினின் முறை உண்டு. 1808-இல் வெளிவந்த 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்' நூலில் அவர் 13 குணங்களைப் பட்டியலிட்டார். பொறுமை, ஒழுங்கு, மௌனம் இப்படி. வாரத்துக்கு ஒரு குணம், சறுக்கிய நாளில் கட்டத்தில் ஒரு புள்ளி. 52 வாரத்தில் நாலு சுற்று வந்துவிடும். இந்த முறையை அவர் எடுத்தது அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமிருந்து. நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளும் எத்திரோ மரபு அறுந்துபோகவில்லை.

நாமில்லாவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று இரவில் விழித்திருப்பவர்கள் கொச்சியை நினைத்துக்கொள்ளலாம். 1568-இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்தார் உட்பட, அங்கிருந்த யூதர்கள் பட்டம் பெற்ற ரபி இல்லாமலே நூற்றாண்டுகளை ஓட்டினார்கள். மூப்பர்கள் ஜெபம் நடத்தினார்கள். பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிவைத்த மலையாளப் பாட்டுகள் வழியே வேதக் கதைகள் அடுத்த தலைமுறைக்குப் போயின. சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய வழக்கறிஞர் ஏ.பி. சேலம், தன் பிரிவினரை பரதேசி ஜெபக்கூடத்தில் இரண்டாந்தரமாக நடத்தியதை எதிர்த்து அங்கேயே காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தார். அவரை யாரும் தலைவராக நியமிக்கவில்லை.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. திஷ்ரி மாதம், அதாவது செப்டம்பர், அக்டோபரில், புத்தாண்டு, பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை, தோரா மகிழ்ச்சித் திருநாள் என்று நான்கும் ஏறத்தாழ மூன்று வாரத்தில் வந்து உங்களைப் பிழிந்துவிடும். அடுத்து வரும் ஹெஷ்வானில் பண்டிகையே கிடையாது. விடுப்புக் கடிதத்தை ஆகஸ்டிலேயே கொடுத்துவையுங்கள்.

இஸ்ரவேல் நாட்டில் மழை வேண்டி ஜெபிக்கத் தொடங்குவது அந்த ஹெஷ்வான் 7-ஆம் நாள். பண்டிகை முடிந்ததுமே கேட்டிருக்கலாம், நிலம் காய்ந்துதான் கிடக்கும். ஆனாலும் 15 நாள் தள்ளிவைத்தார்கள். எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்களில் கடைசியாக நடந்து போகிறவர் யூப்ரடீஸ் ஆற்றங்கரையைச் சேரும்வரை அவர் நனையக் கூடாது என்று.